கேரியர் இல்லாத சைக்கிள்

பிலோமின்ராஜ் பிரான்சிலிருந்து கொண்டுவந்த சைக்கிளுக்குக் கேரியர் இல்லை. ஸ்டாண்ட் இல்லை, மட்கார்டு இல்லை, பெல் இல்லை, செயின் கவரும் இல்லை. ஒரு சைக்கிளுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று நான் நினைத்திருந்தேனோ அதில் பாதி அதில் கிடையாது. இருந்தும் எங்கள் போலகத்தில் பாதி ஊர் அதைச் சுற்றி நின்றது. என்னுடைய சைக்கிளில் எல்லாமே இருந்தன. டைனமோ விளக்குகூட இருந்தது. அது வேலியோரம் தனியாக நின்றது. அதன் சீட்டில் ஒரு கோழி ஏறி உட்கார்ந்திருந்தது.

"பத்து கியரு," என்றான் பிலோமின்ராஜ். கூட்டத்தில் ஒருவர் விடாமல் தலையை ஆட்டினார்கள். கியர் என்றால் லாரியில் இருப்பது என்பதற்கு மேல் அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் நான் மட்டும் தலையை ஆட்டவில்லை. பொறாமைக்காரனுக்கு அந்த அளவு சுயமரியாதை வேண்டும்.

இது எண்பத்தொன்றாம் வருஷம் ஜூலை மாதம். நான் அப்போது காரைக்காலில் ஒரு அரசாங்க ஆபீசில் கிளார்க். கோவில்பத்தில் வீடு. காலையில் டிபன் பாக்ஸைக் கேரியரில் செருகிக்கொண்டு ஆபீஸ் போய், மாலையில் காலி டிபன் பாக்ஸ் கடகடக்க வீடு திரும்பும் கூட்டத்தில் ஒருவன். ஆனால் வெறும் ஆபீஸ் சைக்கிள்காரன் இல்லை நான் என்று எனக்குள் ஓர் எண்ணம் உண்டு. அந்த எண்ணத்துக்குக் காரணமே இந்தப் பிலோமின்ராஜ்தான்.

நாங்கள் இருவரும் போலகத்துப் பிள்ளைகள். காரைக்கால் டவுனில் படித்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள், என் அப்பாவுடையது. நான் மிதிப்பேன், அவன் கேரியரில் உட்கார்ந்து வருவான். அவனுக்கு சைக்கிள் விடத் தெரியாது. ஒரே ஒரு முறை கற்றுக்கொள்ளப் பார்த்தான்; நேராக வாய்க்காலுக்குள் போய் இறங்கினான். அதோடு விட்டுவிட்டான். பள்ளிக்கூட நாட்கள் முழுவதும் அவன் பார்த்துக்கொண்டு வந்தது என் முதுகைத்தான். என்னைப் பெற்ற அம்மாகூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டாள்.

அந்தக் காலத்தில் டபுள்ஸ் போவது குற்றம். முக்கில் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் நின்றால் பின்னால் இருப்பவன் முன்கூட்டியே இறங்கி, தனக்கும் அந்த சைக்கிளுக்கும் சம்பந்தமே இல்லாதவன் போல நடந்து, அவரைத் தாண்டியபின் ஓடிவந்து ஏறிக்கொள்ள வேண்டும். பிலோமின்ராஜ் இதில் மன்னன். பூனை மாதிரி இறங்குவான், பூனை மாதிரி ஏறுவான். போலீஸ்காரர் என்னைத் தனியாகப் பார்த்து வழிவிடும்போதுதான் அவன் இறங்கிவிட்டது எனக்கே தெரியும்.

டபுள்ஸில் இன்னொரு சட்டமும் உண்டு. அதைப் போலீஸ் போடவில்லை, நாங்களே போட்டுக்கொண்டது. அரசலாற்றுப் பாலம் வந்தால் பின்னால் இருப்பவன் இறங்கிவிட வேண்டும். எங்கள் பக்கம் மேடு என்று சொல்ல வேறு எதுவும் இல்லை. காரைக்கால்மேடு என்று பேர் வைத்த ஊர்கூடக் கடல் மட்டத்துக்குப் படுத்துக்கொண்டுதான் இருக்கும். பாலத்து ஏற்றம் ஒன்றுதான் எங்களுக்கு இமயமலை. அதில் ஆளை வைத்து மிதிக்க யாராலும் முடியாது.

என்னால் முடியும். அதுதான் என் பெருமை. பிலோமின்ராஜை ஒருநாளும் நான் இறங்கச் சொன்னதில்லை. பாலத்தின் அடியில் ஒரு பாட்டை எடுப்பேன். பாதி ஏற்றத்தில் மூச்சு முட்டும், தொடை நடுங்கும். சரியாக அந்த இடத்தில் எங்கிருந்தோ காலுக்கு ஒரு பலம் வரும். அடுத்த அடி பஞ்சு மாதிரி போகும். பாட்டு அறாமல் உச்சிக்கு வந்துவிடுவேன். பாலத்தடி டீக்கடையில் இருப்பவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் பெருமையாகச் சிரித்துக்கொண்டு போவேன்.

பிறகு பிரான்ஸ்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். விரும்புகிறவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொள்ளலாம் என்று கொஞ்ச காலம் அவகாசம் கொடுத்தார்கள். பிலோமின்ராஜின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், உடனே எடுத்துக்கொண்டார். என் அப்பா, விவரம் சொல்ல வந்தவரிடம் ஒரே கேள்வி கேட்டார். "அங்க நெல்லு வெளையுமா?" இல்லை என்று பதில் வந்தது. "அப்ப அங்க என்னத்துக்கு," என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். என் தலையெழுத்தை முடிவுசெய்ய அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

பிரான்சுக்குப் போன பிலோமின்ராஜ் அங்கே ஒரு டயர் ஃபாக்டரியில் வேலை செய்தான். சில வருஷங்களுக்கு ஒருமுறை வருவான். வரும்போதெல்லாம் கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் பருத்து வருவான். அதெல்லாம் எனக்குப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. சென்ட், சாக்லேட், கோட்டு, எல்லாவற்றையும் பொறுத்தேன். ஆனால் சைக்கிளில் வந்து கை வைப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். என் மனைவி அஞ்சுகம் அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். பக்கத்து வீட்டுத் தங்கப்பன் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருந்தார். பிலோமின்ராஜ் மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தான்.

"தார்ன்னு ஒரு ஆறு தங்கச்சி. ரெண்டு பக்கமும் மலை. ஆறு நடுவுல பச்சையா வளைஞ்சு வளைஞ்சு போகும். ரோடும் அதுகூடவே வளைஞ்சு போகும். ஞாயித்துக்கெழமை பதினஞ்சு பேரு சேந்து கெளம்புவோம். முன்னால போறவரு ரொட்டிக்கடைக்காரரு, அறுபது வயசு. அவரப் புடிக்க முடியாது."

"வழியில ஊரெல்லாம் இருக்குமாண்ணே?"

"மலைக்கு மலை மேல ஊரு. எல்லாம் கல்லு வீடு, கூரையும் கல்லு. கோட்டைச் சுவரு, சின்னதா ஒரு சர்ச்சு. எண்ணூறு வருஷத்துக்கு முந்துனதுன்னுவாங்க. தெருவுல ஒரு குழாயில மலைத்தண்ணி விழுந்துகிட்டே இருக்கும். குடிச்சிட்டு, மறுபடி ஏறுவோம்."

அஞ்சுகம் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அந்தக் கரண்டியில் இருந்த குழம்பு எனக்கு வரவேண்டியது.

"எண்ணூறு வருஷம் என்ன பெரிய எண்ணூறு வருஷம்," என்றேன். "நம்ம பக்கத்துல முக்குக்கு முக்கு ஆயிரம் வருஷத்துக் கோயிலு."

"ஒரு கோயில்லயாவது சைக்கிள நிறுத்திருக்கீங்களா?" என்றாள் அஞ்சுகம்.

"நிறுத்தினா தூக்கிட்டுப் போயிருவான்," என்றார் தங்கப்பன்.

பிலோமின்ராஜ் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஒங்கப்பா கேட்டாரே, நெல்லு வெளையுமான்னு. தெக்க ஒரு எடத்துல வெளையுதுடா. நானே பாத்தேன். நடவு வயலு, நம்ம ஊரு மாதிரியே."

இதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் அப்பாவின் அந்த ஒரு கேள்வியைத்தான் நான் இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டு நின்றேன். சோற்றில் மீன்முள்ளைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். பிறகு நிமிர்ந்து, யாரும் கேட்காமலே சொன்னேன்.

"ஏத்தம் ஏறுறது என்ன அதிசயம். கியரு இல்லாம, இவனையும் பின்னால வச்சு அரசலாத்துப் பாலத்த ஏறினவன் நான். தெனமும். பாட்டுப் பாடிக்கிட்டு."

தங்கப்பனுக்குப் புரை ஏறியது. அஞ்சுகம் அவருக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். பிலோமின்ராஜ் மட்டும் அமைதியாக, "ஆமா, ஏறினான்," என்றான். பிறகு, "வாயேன்டா. லீவு இருக்குல்ல. நம்ம நாட்டு மலையில ரெண்டு பேரும் ஒருதரம் ஏறுவோம். மேட்டூர் பக்கம் ஆறும் மலையுமா இருக்குமாமே," என்றான்.

உள்ளிருந்து அஞ்சுகம் தண்ணீர்ச் செம்போடு வந்து என்னைப் பார்த்தாள். தங்கப்பனும் பார்த்தார். என்னிடம் இருந்தது அந்தப் பாலம் ஒன்றுதான். அதைக் காப்பாற்ற மேட்டூர் என்ன, காசிக்கே போயிருப்பேன்.

"போவோம்," என்றேன்.

அன்று இரவு படுக்கையைப் போட்டுக்கொண்டே அஞ்சுகம் கேட்டாள். "ஒங்களுக்கு வயித்தெரிச்சலா?"

"எனக்கா? எதுக்கு?"

"இல்ல, மோரு வேணுமான்னு கேட்டேன்."

மறுநாள் இரண்டு சைக்கிளையும் நாகூர் மீரானின் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனோம். என் சைக்கிளைப் பல வருஷமாகப் பார்ப்பவர் மீரான் பாய். அன்றைக்கு அதை முகத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பிரெஞ்சு சைக்கிளை ஒரு விரலால் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். பெடலைக் கையால் சுற்றி, செயின் ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தாவுவதைக் குனிந்து பார்த்தார். தன் பேரப்பிள்ளையைக்கூட அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"நம்ம வண்டி, பாய்," என்று ஞாபகப்படுத்தினேன்.

"ஒங்க வண்டிக்கு என்ன சார், எண்ணெய் விட்டாப் போதும். ஆனா முன் பிரேக்கே இல்ல. பின் பிரேக்குல கட்டை தேஞ்சு கம்பி தெரியுது. மலைக்குப் போறீங்க, போட்டுக்குங்க."

நான் சிரித்தேன். எங்கள் ஊரில் பிரேக் என்பது செருப்பு. நிற்க வேண்டுமானால் மிதிப்பதை நிறுத்தினால் போதும், எதிர்க்காற்றே நிறுத்திவிடும். முன் பிரேக் கிறீச்சிடுகிறது என்று நான்தான் கழற்றிப் போட்டிருந்தேன். "ஏறத்தான் பாய் போறோம்," என்றேன். ஏறியவன் இறங்கியாக வேண்டும் என்பது சமதரையில் பிறந்தவனுக்குத் தோன்றவில்லை.

பஸ்ஸின் கூரையில் சைக்கிள்களைக் கட்டி, கும்பகோணம், திருச்சி, ஈரோடு என்று மாறி மாறி மேட்டூர் போய்ச் சேர்ந்தோம். ஒவ்வொரு ஊரிலும் அவனுடையதைக் கூலியாட்கள் குழந்தையைப் போல இறக்கினார்கள். என்னுடையதை மேலிருந்து, "புடிச்சுக்கோ," என்று விட்டார்கள்.

மேட்டூர் என்ற பேரைக் கேட்டே வளர்ந்தவன் நான். மேட்டூர் திறந்தாச்சா, மேட்டூரில் எத்தனை அடி நிற்கிறது என்று கேட்காமல் எங்கள் பக்கத்தில் பேச்சே தொடங்காது. கல்யாணத்துக்கு நாள் பார்க்கும்போதுகூடப் பஞ்சாங்கத்துக்கு முன்னால் மேட்டூரைக் கேட்பார்கள். ஆனால் அதைக் கண்ணால் பார்த்தவன் எங்கள் வீட்டில் ஒருவனும் இல்லை. அன்று காலையில்தான் பார்த்தேன். இரண்டு பக்கமும் மலை, நடுவில் காவிரி. எங்கள் ஊரில் களைத்துப்போய், சேறாகி, கடலை எப்போது பார்ப்போம் என்று ஊர்ந்து வருகிற அதே தண்ணீர், இங்கே இளவட்டம் போலத் துள்ளிக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் எனக்குப் பொறாமை மறந்துவிட்டது.

அப்புறம் பிலோமின்ராஜ் பேண்ட்டைக் கழற்றினான். உள்ளே தொடையோடு ஒட்டிய கறுப்பு அரைக்கால் சட்டை. தலையில் சின்னத் தொப்பி. கணுக்காலில் பேண்ட் கிளிப்பை மாட்டிக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். கூடிவிட்ட கூட்டத்தில் ஒரு பெரியவர் என் காதருகே வந்து கேட்டார். "எந்த ஊர்லீங்க சர்க்கஸு?"

முதல் நாள் ஆற்றோரமாகவே கீழ்நோக்கிப் போனோம். நெரிஞ்சிப்பேட்டை, அம்மாபேட்டை என்று ஆற்றைப் பார்த்து உட்கார்ந்த ஊர்கள். பரிசல் துறை, மஞ்சள் காய்கிற களம், தறிச் சத்தம். அந்தப் பக்கத்து மலையின் நிழல் தண்ணீரில் விழுந்து கிடந்தது. நல்ல சாலை, பெரிய மேடில்லை. நானும் ஈடுகொடுத்தேன். எந்தப் பழைய கோயிலைக் கண்டாலும் அவன் இறங்கிக் கல்லைத் தடவிப் பார்த்து, "இது எந்தக் காலம்டா?" என்பான். எனக்கு என்ன தெரியும். எல்லாவற்றையும் சோழர் காலம் என்றேன். ஒரு கோயில் முகப்பில் கட்டிய வருஷத்தை சிமெண்டிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதை மறைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியதாயிற்று.

மறுநாள்தான் ஏற்றம். அணைக்கு மேற்கே மலையைச் சுற்றிக்கொண்டு மேலே போகிற சாலை ஒன்று இருப்பதாக டீக்கடையில் சொன்னார்கள். அடிவாரத்தில் பிலோமின்ராஜ் ஏதோ ஒரு சின்ன நெம்புகோலைத் தட்டினான். சைக்கிள் 'ட்ரிக்' என்றது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய பாட்டையே எடுத்தேன்.

பல்லவியின் இரண்டாவது வரியில் மூச்சு நின்றது.

எங்கள் பாலத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது முடிந்துவிடும். இந்தச் சாலை ஒரு வளைவு திரும்பினால் இன்னொரு வளைவைக் காட்டியது. பிலோமின்ராஜ் சீட்டில் உட்கார்ந்தபடியே, ஏதோ தையல் மிஷின் மிதிக்கிறவன் மாதிரி மிதித்துப் போய்க்கொண்டிருந்தான். 'ட்ரிக்' என்று இன்னொரு சத்தம். அப்புறம் அவனுடைய கறுப்பு அரைக்கால் சட்டை வளைவில் மறைந்தது. நான் எழுந்து நின்று மிதித்தேன். ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கோலம் போட்டேன். பாதி ஏற்றத்தில் காலுக்கு ஒரு பலம் வருமே, அதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. எங்கே போயிற்று அது என்று நிஜமாகவே கோபம் வந்தது.

தலையில் விறகுக்கட்டோடு ஒரு அம்மாள் நடந்து வந்து என்னைத் தாண்டினாள். தாண்டும்போது கனிவாகச் சொன்னாள். "எறங்கி நடந்தீங்கன்னா வெரசாப் போயிரலாமுங்க."

இறங்கினேன். ஒரு பாறையில் உட்கார்ந்து, அவன் சைக்கிள் பஞ்சராக வேண்டும் என்று அவனுடைய சாமியிடமே வேண்டிக்கொண்டேன்.

சாமி கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலிருந்து அவன் காற்று மாதிரி இறங்கி வந்தான்.

"என்னடா நின்னுட்ட?"

"செயின் லூசா இருக்கு."

செயினைப் பார்த்தான். தன் சைக்கிளைப் பாறையில் சாய்த்தான். "சரி, ஏறு."

"நீ?"

"நீ பாட்டுக்கு மிதி. நான் வரேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த விறகு அம்மாள் மேலே வளைவில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பின்னால் கேரியரில் ஒரு சின்னக் குலுக்கல். அவ்வளவுதான், அடுத்த அடி பஞ்சு மாதிரி போயிற்று. தொடையில் நடுக்கம் நின்றது. எங்கிருந்தோ பலம் வந்துவிட்டது. என்னை அறியாமலே விட்ட இடத்திலிருந்து பாட்டும் வந்தது.

ஒரு சரணம் பாடி முடிக்கும்போது அந்தக் குலுக்கல் எனக்குப் பழக்கமானது என்று தோன்றியது. அந்தக் குலுக்கலை என் இடுப்புக்குத் தெரியும். பாலத்தின் பாதி ஏற்றத்தில், தினமும், அதே குலுக்கல். அதன் பிறகுதான் பலம் வரும்.

பாட்டை நிறுத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

"பிலோமினு."

"ம்."

"பாலத்துல நீ எறங்கிருவியா?"

ஓடிவரும் கால்சத்தம் மட்டும் கேட்டது. "மிதிடா. நின்னா மறுபடி எடுக்கறது கஷ்டம்."

"எறங்கிருவியா, மாட்டியா?"

"பின்ன, எறங்காம? ஒன் முதுகு எனக்குத் தெரியாதா. ரெண்டு தோளும் காதுகிட்ட வந்துச்சுன்னா எறங்கி, கேரியரப் புடிச்சுத் தள்ளிக்கிட்டு ஓடிவருவேன். உச்சி வந்ததும் ஏறிக்குவேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ பாட்ட நிறுத்திருவ."

அவனுடைய பிரான்ஸைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். பத்து கியரைப் பார்த்து, கல்கூரை ஊர்களைப் பார்த்து, அங்கே விளைகிற நெல்லைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டேன். அத்தனைக்கும் எதிரே எனக்கென்று ஒரே ஒரு பாலத்தை வைத்திருந்தேன். இப்போது அதுவும் அவனுடையதாகிவிட்டது. டீக்கடைக்காரர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதும் இருபது வருஷம் கழித்து, சேலம் ஜில்லாவில், மலைப்பாதையில் எனக்கு விளங்கியது.

உச்சியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். கீழே அணைத் தண்ணீர் மலைகளுக்கு நடுவில் விரித்துப் போட்ட வேட்டி மாதிரி கிடந்தது. அவன் சட்டை முழுக்க வியர்வை. அவனே பேசினான்.

"அங்க போயி சைக்கிள் கத்துக்கிட்டப்ப எனக்கு இருவத்தஞ்சு வயசு. ஃபாக்டரியில கூட வேலை செஞ்சவன் ஒரு பழைய வண்டி குடுத்தான். மொதல் ஞாயித்துக்கெழமை எல்லாரும் கெளம்பினோம். மொதல் ஏத்தம் வந்துச்சு. நான் எறங்கிட்டேன்."

"முடியலையா?"

"முடியாம இல்ல. ஏத்தம்னா எறங்கணும்னுதான் என் காலுக்குத் தெரியும். எல்லாரும் நின்னு பாத்துச் சிரிச்சாங்க. ஏன்டா எறங்கினன்னு கேட்டாங்க. அந்தப் பாஷையில இத எப்படிச் சொல்றது. உக்காந்துகிட்டே ஏறுறதுக்குப் பழகவே ரொம்ப நாளாச்சு." கீழே பார்த்துக்கொண்டே சொன்னான். "இன்னமும் ஏத்தத்துல முன்னால ஒரு முதுகு இல்லாட்டி எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கும். அதான் அந்த ரொட்டிக்கடைக்காரரு பின்னாலயே போவேன்."

இதற்கு நான் உருகியிருக்க வேண்டும். உருகினேன்தான். ஆனால் அந்த ரொட்டிக்கடைக்காரர்மேல் கொஞ்சம் பொறாமையும் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இறங்கும்போது மீரான் பாய் சொன்னது ஞாபகம் வந்தது. முதல் வளைவுக்குள் பின் பிரேக் கம்பி ரிம்மில் தீப்பொறி பறக்கவிட்டது. செருப்பை ஊன்றினேன், செருப்பு கையோடு வந்துவிட்டது, அதாவது காலோடு வராமல் போயிற்று. கடைசியில் சைக்கிளைப் பிடித்தபடி நடந்துதான் இறங்கினேன். அவனும், பாறையில் சாய்த்திருந்த தன் பத்து கியரை வழியில் எடுத்துத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்து வந்தான். ஏறும்போது என்னைத் தள்ளினார்கள், இறங்கும்போது நான் தள்ளினேன். மலையில் நான் சைக்கிள் விட்ட கதை இவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. இவன் அஞ்சுகத்திடம் சொல்லிவிடுவானோ? பொண்ணு பார்க்கப் போன அன்றைக்கே அவளுடைய அண்ணன் எதிரில் அந்தப் பாலத்தைப் பற்றிச் சொன்னவன் நான். சொல்லாதே என்று கேட்கவும் மானம் இடம் கொடுக்கவில்லை.

வீட்டில் அஞ்சுகம் காப்பியோடு காத்திருந்தாள். தங்கப்பனும் காத்திருந்தார், அவருக்கும் காப்பி இருந்தது.

"என்னண்ணே, ஏறினாரா?"

பிலோமின்ராஜ் என்னைப் பார்க்கவே இல்லை. "பாடிக்கிட்டே ஏறினான் தங்கச்சி," என்றான்.

பொய்யில்லை அது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. இவ்வளவு நல்லவனாக இருக்க இவனுக்கு யார் அனுமதி கொடுத்தது?

அவன் போனபிறகு அஞ்சுகம் என் அறுந்து தேய்ந்த செருப்பை எடுத்துப் பார்த்தாள். "யாரு தள்ளினா?" என்றாள்.

"என்ன?"

"மேட்டூர்ல. அந்த அண்ணன்தானே?"

அவள் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, அடுப்பில் வேலையாகச் சொன்னாள். "பொண்ணு பாத்துட்டு நீங்க போனப்புறம் எங்கண்ணன் சொன்னாரு. இந்தப் பையன நான் பாலத்துல பாத்திருக்கேன். பின்னால ஒருத்தன் எறங்கித் தள்ளிக்கிட்டு ஓடியாரான், இவரு அது தெரியாம பாடிக்கிட்டே போறாரு. சூதுவாது இல்லாத ஆளு, குடுக்கலாம்னாரு."

"அப்ப ஒனக்கு மொதல்லயே..."

"பாலம் வந்தா நான் ஏன் எறங்கிக்கறேன்னு நெனச்சீங்க?"

சேலை சக்கரத்தில் சிக்கும் என்று பயப்படுகிறாள் என நான் நினைத்திருந்தேன். அன்று இரவு மோர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அவன் புறப்படுகிற நாள் வந்தது. சாயங்காலம் மெட்ராஸ் பஸ். முந்தின நாள் அந்த சைக்கிளை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். "நீயே வச்சுக்கடா," என்றான். ஒரு மாதமாக எதை நினைத்து எரிந்தேனோ அது என் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றது. கை நீட்டினால் என்னுடையது. நான் அஞ்சுகத்தைப் பார்த்தேன். அவள் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இதுல நான் எங்கண்ணே உக்கார்றது?" என்றாள்.

பிலோமின்ராஜ் வாய்விட்டுச் சிரித்தான். சைக்கிள் மறுபடி அட்டைப்பெட்டிக்குள் போயிற்று.

மறுநாள் போலகத்திலிருந்து அவன் அம்மா இசபெல்லாவும் பெட்டிகளும் அவனை வழியனுப்ப வாடகைக் காரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்கள். "நீ ஏறலையாடா?" என்று அம்மா காருக்குள்ளிருந்து கேட்டார்கள்.

"நான் தியாகுகூட வரேம்மா."

என் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தான். சைக்கிள் ஒரு முனகல் முனகியது. பிரான்ஸ் ரொட்டியும் வெண்ணெயும் எவ்வளவு கனம் என்று அப்போதுதான் தெரிந்தது. வயல்களில் நாற்று பிடித்து நின்றது. கடல் காற்று பக்கவாட்டில் அடித்தது. பட்டினம் என்ற ஊரைத் தாண்டியதும் தூரத்தில் பாலம் தெரிந்தது.

"எறங்கக் கூடாது," என்றேன்.

"சரி."

"நெசமாத்தான் சொல்றேன். ஒரே ஒரு தடவையாவது நான் ஏறணும். எறங்கினா ஒன்கூடப் பேச மாட்டேன்."

"எறங்கலடா. மிதி."

பாலத்தடி டீக்கடையில் பழைய முகங்கள் இல்லை. பெஞ்சில் இருந்த புது முகங்கள் தலை நிமிர்ந்து பார்த்தன. நான் பாட்டை எடுத்தேன். ஏற்றம் தொடங்கியது. முப்பத்தெட்டு வயசுத் தொடை, எண்பது கிலோ பிலோமின்ராஜ். பல்லவி முடிவதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது. இன்னும் பத்து மிதி, இன்னும் ஐந்து மிதி என்று எனக்கே லஞ்சம் கொடுத்துக்கொண்டு மிதித்தேன். என் இரண்டு தோளும் மெல்ல மெல்லக் காதுப் பக்கம் போவதை உணர்ந்தேன். கீழே இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

பின்னால் ஒரு சின்னக் குலுக்கல்.

அடுத்த அடி பஞ்சு மாதிரி போயிற்று. பெஞ்சிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டையும் நிறுத்தவில்லை. குரலைக் கொஞ்சம் கூட்டினேன்.

உச்சி வந்தது. கேரியரில் பொத்தென்று ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. இப்போது அவன் பூனை இல்லை.

"எறங்கினியா?" என்றேன்.

"நானா?" என்றான் அவன், மூச்சு வாங்கிக்கொண்டே. "நான் எங்க எறங்கினேன்?"